மேலே பார்த்த நடுவர்

அன்புள்ள மருமகளுக்கு,

இப்பூவுலகில் உனக்கு வாய்த்த ஒரே தாய்மாமன், வலது முழங்காலில் தைலமும் இடது முழங்காலில் நம்பிக்கையும் தடவிக்கொண்டு எழுதுவது. பதினாறு நாளில் உன்னை நாலாயிரம் தடவை போனில் கூப்பிட்டேன். சரி, நாற்பது. நீ எடுக்கவில்லை. அதனால் பேனாவை எடுத்தேன். தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "சார், இது எந்த பாஷை?" என்று கேட்டார். உனக்குப் பழக்கம்தானே, சமாளித்துக்கொள்.

உன் அம்மா சாப்பிடுகிறாள். அதாவது, தட்டுக்கு முன்னால் உட்காருகிறாள். அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்கள் சமையலறையில் மலைபோல் குவிந்திருக்கின்றன. எது யாருடையது என்று கண்டுபிடிக்கத் தனியாக ஒரு விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டும். குளியலறைக் குழாய் ஒழுகியது, நான் சரிசெய்தேன், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. உன் அப்பாவின் சைக்கிளில் காற்று இறங்கிவிட்டது. அடிக்கலாம்தான். யாருக்கும் கை வரவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு ஆறுதல் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. எனக்கே தொண்டை கட்டியிருக்கிறது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவின், அதாவது என் அத்தானின், இறப்பை நாங்கள் இன்னும் பதிவு செய்யவில்லை. வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது. அப்புறம் தாமத மனு, மேலதிகாரி, விசாரணை என்று அலைய வேண்டியதுதான். நகராட்சியின் பிறப்பு இறப்புப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து, "தயவுசெஞ்சு தள்ளிப்போடாதீங்க, அப்புறம் நீங்கதான் அலையணும்" என்று ஊரையே கெஞ்சிய மனிதர் அவர். அவருடைய படிவம் எங்கள் சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது.

அக்கா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். நானும் கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன், உண்ணாவிரதம் இருப்பேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் உன்னைப் பற்றி ஒன்று சொன்னாள்: "ரெண்டு வருஷமா அவ அவர்கிட்ட பேசலடா. அவ பேசி முடிக்கல. அதுக்குள்ள இவர் முடிஞ்சுபோயிட்டார்னு நான் எப்படி எழுதிக் குடுப்பேன்? அவ ஒரு வார்த்தை பேசட்டும், போடறேன்."

இவளோடு மல்லுக்கட்ட முடியாது என்று, நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். மச்சினனும் உறவுதானே. ஆனால் அந்தப் பிரிவின் வழக்கம் உனக்குத் தெரியும். பிறப்பு எழுத வருகிறவர்களுக்கு அத்தான் தன் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து நடுவர் விசிலை எடுத்து மெதுவாக ஒரு ஊது ஊதி, "ஆட்டம் ஆரம்பிச்சாச்சு, நல்லா வரட்டும்" என்பார். இறப்பு எழுத யார் வந்தாலும் எழுந்து நிற்பார். மைதானத்தில் அஞ்சலி செலுத்துவதுபோல, படிவத்தை வாங்கும்வரை நிற்பார். வந்தது தலையில் மூட்டை சுமக்கிறவரா, காரில் வந்தவரா என்றெல்லாம் பார்க்க மாட்டார். முதலில் சிரித்த ஆபீஸ்காரர்கள் எல்லோரும் பிறகு கூடவே நிற்க ஆரம்பித்தார்கள்.

நான் கதவைத் தாண்டினேனோ இல்லையோ, ஏழு நாற்காலியும் ஒரே சமயத்தில் பின்னால் நகர்ந்தன. டைப்பிஸ்ட் அம்மா, ரெக்கார்டு அறைக்காரர், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சூப்பரின்டெண்ட், எல்லோரும் நின்றார்கள். இதே சூப்பரின்டெண்ட் ஒருமுறை கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணிடம் கத்தியதற்கு அத்தான் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினார், ஞாபகம் இருக்கிறதா? அதற்குத் தண்டனையாக அத்தானுக்குக் கழிப்பறைக்குப் பக்கத்தில் மேசை போட்டார்கள். ஒரு வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசை அங்கேயே போய் நின்றது. அந்த மனுஷரும் இன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

உன் மாமன் என்ன செய்தேன் தெரியுமா? "மணி என்ன ஆச்சுன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றேன். என் தலைக்கு மேலேயே வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு கடிகாரம் தொங்கிக்கொண்டிருந்தது. டைப்பிஸ்ட் அம்மா மணி சொன்னார். ஓடி வந்துவிட்டேன். மறுநாளும் போனேன். மறுபடியும் நின்றார்கள். மறுபடியும் மணி கேட்டேன்.

அக்காவின் கையெழுத்தைத் திருடிக்கொண்டு போவதுபோல் இருந்தது என்பது ஒரு காரணம். இன்னொன்று, உன்னிடம் சொல்லாத ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது. சொல்ல மாட்டேன் என்று அவருக்குச் சத்தியம் செய்தேன். இப்போது அதை உடைக்கிறேன். நரகத்தில் எனக்கு ஏற்கெனவே இடம் ஒதுக்கியாயிற்று, ஜன்னல் ஓரமாகக் கிடைத்தால் போதும்.

இரண்டு வருஷத்துக்கு முன் நீ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று தீயணைப்பு நிலையத்துக்கும் பஸ் டிப்போவுக்கும் கால்பந்து ஃபைனல். உன்னை வழியனுப்ப வர முடியாது என்றார் உன் அப்பா. "உங்களுக்கு நான் முக்கியமா, பந்து முக்கியமா?" என்று நீ கேட்டாய். "ஃபைனல்டா கண்ணு, நடுவர் வராம எப்படி?" என்றார் அவர். நீ திரும்பிப் பார்க்காமல் டாக்ஸியில் ஏறினாய். உன்னைச் சமாதானப்படுத்த இப்போது பொய் சொல்ல மாட்டேன். அவர் பந்தாட்டத்துக்குத்தான் வந்தார். தப்புதான்.

இரண்டாம் பாதி. கோட்டோரம் துணை நடுவராகக் கொடி பிடித்தவன் நான். நாலு இருபதுக்கு மைதானத்துக்கு மேலே ஒரு விமானம் போனது. உன் விமானத்தின் நேரம் அவருக்கு மனப்பாடம். காலையிலிருந்து அதைச் சொல்லிச் சொல்லி என் காதில் ரத்தம் வரவழைத்திருந்தார். நட்டநடு மைதானத்தில், பந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்க, உன் அப்பா நிமிர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு தீயணைப்பு வீரர் பந்தைக் கையால் தட்டி உள்ளே தள்ளிவிட்டார். உலகமே பார்த்தது. பக்கத்து ஊரில் பார்வை மங்கியவர்களும் பார்த்திருப்பார்கள். பார்க்காதவர்கள் இரண்டே பேர், அவரும் நானும்.

டிப்போக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர் என்னிடம் வந்து, "நீ பார்த்தியாடா?" என்றார். "நானும் மேலதான் அத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றேன். "நான் பார்க்காத ஃபவுலை நான் குடுக்க முடியாது. தப்பு என்னுது" என்று அவர்களிடம் சொன்னார். கோல் கோலாகவே நின்றது. டிப்போ தோற்றது. மூன்று மாதம் எந்த பஸ்ஸும் அவர் நிறுத்தத்தில் நிற்கவில்லை. மழையோ வெயிலோ, சைக்கிளிலேயே ஆபீஸ் போனார். ஒருவரிடமும் காரணம் சொல்லவில்லை.

அன்று மாலையே விசிலைக் கழற்றிவிட்டார். அப்புறம் ஞாயிறுதோறும் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட மட்டும்தான் போனார். கடைசி ஞாயிறும் அதற்குத்தான் ஷூ கட்டக் குனிந்தார். நிமிரவில்லை. "அவகிட்ட சொல்லாதே, தூரமா போனவளுக்கு இது ஒரு சுமை" என்பார். அந்தச் சுமையை இரண்டு வருஷம் நான் தூக்கினேன். எனக்குத் தோள் விட்டுப்போயிற்று, நீ கொஞ்சம் பிடி.

அவர் உடலைத் தூக்கிக்கொண்டு போன அன்று டிப்போ பஸ்கள் வழியெல்லாம் ஓரங்கட்டி நின்றன. ஆயிரம் பஸ். சரி, ஆறு. அன்று அவர் மேலே பார்த்த காரணம் அவர்களுக்கு இன்றுவரை தெரியாது. அப்படியும் நிறுத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கவுன்டர் திறக்கும். அதற்குள் உன் அம்மாவைக் கூப்பிடு. அழு, திட்டு, அவரைத் திட்ட வேண்டியிருந்தால் அதையும் தீர்த்துவிடு, அவள் கேட்டுக்கொள்வாள். என்னோடு பேச வேண்டாம், எனக்கு ரோஷம் கிடையாது. அந்த ஏழு பேரை மூன்றாவது தடவையும் எழுப்பி நிற்கவைத்துவிட்டு ஓடிவர என் முழங்காலில் தெம்பில்லை, அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள். நீ எந்த ஊரில் இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். தலைக்கு மேலே விமானம் போனால் ஒரு நொடி நிமிர்ந்து பாரம்மா. அதற்குள் கீழே யாராவது கோல் போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
கொடியைத் தூக்க மறந்த
உன் மாமன்