கனமான பாட்டில்

பிப்ரவரி 3
கண்ணாடித் தொழிற்சாலைக்கு இந்த வருட பாட்டில் ஆர்டர் மாத முடிவுக்குள் போயாக வேண்டும். நான் கொண்டுபோன லேசான பாட்டிலை அத்தை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள். ஒயின் ஆலை அவளுடையது, ஒயினைச் செய்வதும் அவள்தான். பாட்டில், மூடி, அட்டைப்பெட்டி மட்டும் என் பொறுப்பு.

"தூக்கினா கை தாழணும்டி. இது என்ன, சோடா பாட்டிலா?"

இப்போது வாங்கும் தடிப் பாட்டிலுக்குக் கண்ணாடி உருக்கும்போது வரும் புகை நம் தோட்டத்து டிராக்டர்கள் எல்லாம் சேர்ந்து விடுவதைவிட அதிகம் என்றேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 4
ஒயினைப் பிளாஸ்டிக் பையில் அடைத்து அட்டைப்பெட்டியில் விற்கலாமா என்று வேறு கேட்டுத் தொலைத்தேன். "நான் என்ன பால் வியாபாரமா பண்றேன்?"

பிப்ரவரி 10
ஒரே பீப்பாய் ஒயினை இரண்டு வகைப் பாட்டிலிலும் நிரப்பி, யாரிடமும் சொல்லாமல், கடைக்காரர்களையே ஊற்றிக் குடிக்கச் சொன்னேன். எல்லோரும் கனமானதைத்தான் புகழ்ந்தார்கள். அத்தையும் ஊற்றிப் பார்த்து, "லேசானதுல என்னமோ குறையுது" என்றாள். அவள் செய்த ஒயின்! அதைவிடக் கேவலம் — இரண்டும் ஒன்று என்று தெரிந்த எனக்கே கனமானதுதான் பிடித்தது. என்ன நாக்கு இது?

பிப்ரவரி 11
உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சொல்லிவிடலாமா? சொன்னால் நம்புவாளா?

பிப்ரவரி 13
இரண்டு பாட்டில் ஒயினையும் ஜக்குகளில் ஊற்றி, பாட்டில்களை ஒளித்துவிட்டு அத்தையின் அறைக்குக் கொண்டுபோனேன். முகர்ந்தாள், குடித்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதானேடி?"

"ஒண்ணுதான்."

"அன்னிக்கு?"

"அன்னிக்கும்தான் அத்தை."

அவள் முகம் கறுத்துவிட்டது. "என் நாக்கையே சோதிச்சியா?"

"நீங்க தெரியாம ஏமாந்தீங்க. நான் தெரிஞ்சே ஏமாந்தேன் அத்தை."

ஜக்குகளை என் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். ஏன்தான் வாயைத் திறந்தேனோ. எனக்கு இருப்பது ஒரே அத்தை.

பிப்ரவரி 20
இன்னும் பேச்சில்லை. மூடி பற்றிக் கேட்டால்கூடக் கணக்கரிடம் சொல்லி அனுப்புகிறாள்.

பிப்ரவரி 27
ஆர்டர் போய்விட்டதாம், அத்தையே பேசினாளாம். எந்தப் பாட்டில் என்று யாருக்கும் தெரியவில்லை. அவளிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை. தடிப் பாட்டிலாகத்தான் இருக்கும். வேறென்ன?

ஏப்ரல் 6
லாரி வந்தது. பெட்டியைத் தூக்கியவுடனே தெரிந்துவிட்டது. கண் கலங்கிவிட்டது எனக்கு, கிடங்கில் எல்லோர் முன்னாலும்.

ஏப்ரல் 9
கடைக்காரர் ஒருவர் வந்திருந்தார். அவருக்கு ஊற்ற அத்தை புதுப் பாட்டிலை எடுத்தாள். பழைய கனத்துக்குத் தயாராக இருந்த கை விருட்டென்று மேலே போய்விட்டது. கடைக்காரர் பாட்டிலையே பார்த்தார்.

"பாட்டில் சரியாத்தான் இருக்கு" என்றாள் அத்தை. "என் கைதான் இன்னும் பழகல."