கீழால இழுக்கிற எக்ஸோஸ்ட்

2025 ஓகஸ்ட் 3, ஞாயிறு

கூட்டாளி முர்ஷிதின் டேர்ட் பைக் எக்ஸோஸ்டைக் காப்பாற்ற முடியவில்லை. மே மாதம் அவன் விழுந்தபோது அதன் வயிறு நசுங்கிப்போனது. இன்று நசுங்கலை வெளியே தள்ள, இரண்டு பக்கமும் அடைத்துத் தண்ணீர் அமுக்கத்தால் ஊதிப் பார்த்தேன். வெல்டிங் பிளந்துவிட்டது. புதிது வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் அது வெறும் புகைக்குழாய் இல்லை. எஞ்சின் எந்த வேகத்தில் விழித்துக்கொள்ளும் என்பதை அந்த வயிறுதான் தீர்மானிக்கிறது. இதைச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது.

செப்டெம்பர் 21 பந்தய ஓட்டம். விழுந்தபிறகு அவனுக்கு முதல் ஓட்டம்.

துஷாந்தினி அக்கா இந்த மாதம் 22ஆம் திகதி டுபாயிலிருந்து வருகிறா. ஒன்று கொண்டுவருவா. ஒன்றே ஒன்று. இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். மெல்லியது: கீழே, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, ஒன்றுமில்லை; வேகம் மேலே ஏறினால் மூன்று குதிரைவலு அதிகம். தடித்தது: கீழிருந்தே இழுக்கும், மேலே சீக்கிரம் களைத்துவிடும். இதில் யோசிக்க என்ன இருக்கு?

ஓகஸ்ட் 6, புதன்

முர்ஷித் இரத்மலானைக்கு என் வேலைத்தளத்துக்கே வந்தான். இரண்டு எக்ஸோஸ்டின் வலு கிராஃபையும் காட்டினேன். அரை நிமிசம்கூடப் பார்க்கவில்லை.

"கீழால இழுக்கிறது எது?"

"அது பயந்தாங்கொள்ளிகளுக்கு."

சிரித்தான். "சரி மச்சான், நீ செல்றதே எடு."

ஓகஸ்ட் 7

மெல்லியது. ஓடர் பண்ணியாச்சு.

ஓகஸ்ட் 23, சனி

அக்கா வெள்ளவத்தை ஃப்ளட்டுக்குள் வந்ததும் வராததுமாக ஏச்சு. "உன்ர குழாய் பெட்டிக்குள்ள சரியா கிடக்கோணும் எண்டு என்ர ரெண்டு சோடி சப்பாத்த அங்க விட்டிட்டு வந்தனான். கஸ்டம்ஸ்காரன் என்ன சாமான் எண்டு கேட்டான். வீட்டு அலங்காரம் எண்டு சொன்னன். என்னைப் பாவமாப் பார்த்தான்."

அழகான வெல்டிங். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தேன்.

ஓகஸ்ட் 24

பூட்டியாச்சு. ஸ்ப்ரிங் கொளுவும்போது பெருவிரல் கிழிந்தது. கார்புரேட்டரில் பெற்றோல் வரும் துளையை, மெயின் ஜெட்டை, இரண்டு அளவு கூட்டினேன். பிளக் நல்ல கபில நிறம், எரிவது சரி. பக்கத்து வீட்டு நாகேந்திரம் அங்கிள் மதிலால் எட்டி, "தம்பி, இது எப்ப முடியும்?" என்று கேட்டார். இப்பதான் தொடங்குது என்றேன்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

என்னில எனக்கே ஆத்திரம். ஒழுங்கா எழுதிப் பார்க்கிறன்.

குருநாகல் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில பயிற்சி. ஒவ்வொரு வளைவிலும் முர்ஷித் எஞ்சின் செத்துச் செத்து வெளியே வந்தான். மெல்லியதில கீழே இழுவை இல்லை, கிளச்சை விட்டு விட்டுப் பிடிச்சுத்தான் எஞ்சினை எழுப்போணும். அது அவனுக்குத் தெரியும். எனக்கு முந்தியே தெரியும். நான் கரையில நிண்டு கத்தினன் — "கிளச்சை அடியடா! கிளச் எங்க?" நாலு பேர் பார்த்தாங்கள்.

ரெண்டு தரம் வரம்புக்கு வெளியே போனான். மூன்றாவது தரம் நிப்பாட்டிட்டு வந்தான். இடது கைக் கிளவ்ஸைப் பல்லால இழுத்துக் கழட்டினான். சுட்டுவிரலும் நடுவிரலும் மடங்கினபடி அப்படியே நிண்டுது.

"மே மாசத்துல இருந்து இப்பிடித்தான் மச்சான். கிளச்ச கொஞ்ச நேரம் புடிச்சா ரெண்டு வெரலும் வேல செய்யுதில்ல."

"ஏன் சொல்லேல்ல?"

"சென்னா வண்டிய வித்துடுன்டு செல்லுவாய்."

சொல்லியிருப்பன். அதுதான் கிடந்து குத்துது. அவன் சொல்லாமலும் இல்லை. கீழால இழுக்கிறது எது எண்டு கேட்டான் தானே? நான் என்ன சொன்னன்?

செப்டெம்பர் 2

அக்காவின் பயணம் முடிந்தது. இனி டுபாயிலிருந்து யாரும் வருவதற்கில்லை. 21க்கு முன் தடித்தது ஒன்று எங்கே தேடுவது?

செப்டெம்பர் 6, சனி

ஹெந்தளை. அதே பந்தயத்தில் ஓடும் ரொஷானிடம் அதே மொடல் பைக், தடித்த எக்ஸோஸ்ட் — துருப்பிடித்து, இரண்டு இடத்தில் நசுங்கி. என் புதியதைத் தருகிறேன், அதைத் தா என்றேன்.

"தயா, தலையில அடிபட்டதா உனக்கு? போன வருசம் இதைப் பார்த்து தண்ணி ட்ரம் எண்டு நீதான் சொன்னாய்."

"ஓம். பிழையாச் சொன்னனான்."

இதைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தது! அவன் மனைவி றேணுகா தேத்தண்ணி கொண்டுவந்து, "பிழை எண்டு சொல்ற ஆம்பிளையை இந்த வீட்டில இண்டைக்குத்தான் பார்க்கிறன்" என்றா. ரொஷான் உடனே ஸ்பனர் எடுக்கப் போய்விட்டான்.

செப்டெம்பர் 7

நசுங்கலை எடுத்தேன். ஜெட்டை இறக்கினேன். முர்ஷித் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். இன்னொரு சுற்றுப் போனான்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

முர்ஷித் பதினேழு பேரில் பதினொன்றாவது. ரொஷான் நாலாவது, என் எக்ஸோஸ்டோடு. எனக்குள் எரிந்தது, பொய் சொல்லமாட்டேன்.

மேட்டு வளைவில் நின்று எண்ணினேன். எட்டுச் சுற்றிலும் முர்ஷித் அங்கே கிளச்சைத் தொட்டது ஒரே ஒரு தரம். ஓட்டம் முடிந்து வந்து ஹெல்மெட்டோடு ஏதோ கத்திக்கொண்டே இருந்தான். ஒரு சொல்லும் விளங்கவில்லை, முழுக்கச் சிரிப்பு.

திரும்பி வரும்போது லொறியில் கேட்டேன், அடுத்ததாக என்ன மாற்றவேண்டும் என்று. அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். எட்டு விஷயம். அதில் இரண்டு சுத்தப் பிழை.

அதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.