வளைவில் விழும் ஆயில் பிரஷர்

தை 12, சனி.

தங்கை மகள் கவிதாவின் பழைய ரேஸ் காரில், நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகிறது. பம்ப் வெறும் காற்றை உறிஞ்சுகிறது. ஆயில் தொட்டிக்குள் நான் தடுப்புத் தகடு வைத்தும், இன்று கருமத்தம்பட்டிப் பக்கத்து டிராக்கில் ஆயில் பிரஷர் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் நெற்றிப் பொட்டை எடுத்து விளக்கின் மேல் ஒட்டிவிட்டாள்.

“இப்ப எரியுதுங்களா, மாமா?”

“ஆயில் இல்லாம இன்ஜின் பேரிங் இறுகிப் பிடிச்சுக்கும், கண்ணு.”

“நாளைக்கு ஒரு ரேஸ்தானுங்களே! நீங்க செஞ்சது தாங்குமுங்க, பயந்தாங்கொள்ளி மாமா.”

என் கணக்குப்படி தாங்காது. பேரிங் பிடித்தால் இன்ஜினோடு சேர்ந்து வளைவின் நடுவிலேயே சக்கரமும் நின்று கார் சுழன்றுவிடும். ஓட்டாதே என்று சொல்ல வாயெடுத்தேன். என் கணக்கே தவறாக இருக்கலாம் என்றும் தோன்றியது. ஹெல்மெட் வாரை நன்றாக இறுக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.