கை ஆறிவிட்டது, கதவு பூட்டியிருக்கிறது

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா சுகம், என் கையும் சுகம், நான்தான் சுகமில்லை. போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போன் அடித்ததும் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், அப்புறம் நான் எதைப் பேச, சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதோடு சரி. அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

மாவுக்கட்டைப் பிரித்தது உனக்குத் தெரியும். உள்ளேயிருந்து வந்த கையைப் பார்த்து எனக்கே அழுகை வந்துவிட்டது, யார் கையோ மாதிரி மெலிந்து தோலுரிந்து கிடந்தது. ஆனால் அந்தப் பிசியோதெரபிப் பெண் ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னபோது நான் அழுத்திய அழுத்தில் அவளே அசந்துபோனாள். எல்லாம் இடது கையின் புண்ணியம். கட்டுப் போட்ட கையோடு அவள் என்னை இடது கையால் தண்ணீர் பாட்டிலைத் தூக்கவும் ஈரத் துணியைப் பிழியவும் பழக்கினாளே, அப்போது உன் அப்பா பண்ணிய கூத்தைக் கேள். இந்தப் பெண்ணுக்கு எந்தக் கை உடைந்தது என்றே தெரியவில்லை என்று வீடு வந்து சேரும்வரை புலம்பினார். அடுத்த முறை போவதற்குள் என் கட்டின் மேல் பேனாவால் அம்புக்குறி போட்டு, உடைந்தது இது என்று எழுதியே விட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எனக்குத் தெரியும் ஐயா. ஒரு கை பழகும்போது மூளை அடுத்த கைக்கும் சேர்த்துத்தான் பாடம் நடத்தும். கட்டுக்குள்ள சும்மா கிடக்கிற கையோட பலம் ரொம்ப இறங்காம இருக்கும்" என்றாள். எனக்கும் நம்பிக்கையில்லைதான், ஆனாலும் விடாமல் செய்தேன். கொஞ்ச நாளில் பெரிய பாட்டிலையே சர்வசாதாரணமாகத் தூக்கினேன். சதை துளிகூட ஏறவில்லையே, பலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். முதலில் தேறுவது சதை இல்லையாம், மூளை போடும் உத்தரவு நரம்பு வழியாக நன்றாகப் போய்ச் சேர ஆரம்பிக்கிறதாம், சதை பின்னால் மெதுவாக வருமாம்.

எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டே சொல்லிவிட்டார். இருந்தும் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கப் போனால் கை தானாகப் பின்வாங்குகிறது. பெரிய வலியென்று இல்லை, யாரோ உள்ளேயிருந்து இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. அதற்கும் அந்தப் பெண்தான் விளக்கம் சொன்னாள், "கை ஆறிடுச்சும்மா. மூளைதான் பயந்துக்கிட்டு இன்னும் விடமாட்டேங்குது. பயம் போகட்டும்னு சும்மா உட்கார்ந்தா அது போகவே போகாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமா பாரம் குடுங்க, ஒண்ணும் ஆகலைன்னு அதுவே தெரிஞ்சுக்கும்." உன் அப்பாவும் பக்கத்தில் நின்று தலையைத் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததும் வாசல் கம்பிக்கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்! கேட்டால், மகள் சொல்லியிருக்கிறாள், உன்னைப் படியில் காலே வைக்க விடக் கூடாதாம் என்கிறார். கடைக்குப் போனாலும் பூட்டு, முடிவெட்டப் போனாலும் பூட்டு. குளியலறையில் சோப்பு கைநழுவி விழுந்தால் போதும், கதவைத் தட்டி என்ன சத்தம் என்கிறார். ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து ஜன்னல், மறுபடி ஹால். மூச்சு முட்டுகிறதடி எனக்கு. அவரைக் குறை சொல்லியும் என்ன பண்ண, அன்றைக்குச் சத்தம் கேட்டு ஓடிவந்து மாடிப்படியில் கிடந்த என்னைத் தூக்கியவர் அவர்தானே. இப்போதும் பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால் என் பேரைச் சொல்லிக் கத்துகிறார். கோபம் கோபமாக வருகிறது, அந்த முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது.

நேற்று அவர் வெளியே போயிருந்தபோது சலவைக்கூடத்திலிருந்து என் ஜோடிக்காரி வந்தாள். ஓட்டல் படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனை பிடித்து உதறி மடிப்போமே, அவள்தான். இந்த மாசக் கடைசிக்குள் நான் நேரில் போய் நிற்காவிட்டால் சூப்பர்வைசர் என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவாராம். நான் கதவில் தொங்கும் பூட்டைக் காட்டினேன். அவள் சும்மா இருப்பாளா, தோளில் கிடந்த துண்டின் ஒரு முனையைக் கம்பி வழியாக உள்ளே நுழைத்து, "வலது கையால புடி பாப்போம்" என்றாள். முதல் தடவை இழுத்ததுமே கை விட்டுவிட்டது. திட்டினாள், மறுபடி பிடித்தேன், மெதுவாக இழுத்தாள், அப்புறம் பலமாக இழுத்தாள், நான் விடவில்லை! கம்பிக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் சிரித்தோம், சிரித்துக்கொண்டே அழுதோம். இத்தனை வயசுக்கு மேல் வேலை எதற்கு, நாங்கள் பார்த்துக்கொள்ள மாட்டோமா என்று நீ கேட்டாய். பார்த்துக்கொள்வீர்கள், யார் இல்லையென்றது? எனக்கு அந்த நீராவிச் சத்தமும் அவள் வாயும் வேண்டும். பார்த்துக்கொள்ளப்படுகிற பொருளாக என்னால் இருக்க முடியாது, சொல்லிவிட்டேன்.

உன் அப்பாவின் பயத்தையும் ஒரே நாளில் விரட்ட வேண்டாம். முதல் நாள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி திரும்புகிற இடம் வரை, மறுநாள் கீழே வரை, அதற்கடுத்து தெருமுனை. ஒன்றும் ஆகவில்லை என்று அவருக்கும் தெரிய வேண்டுமில்லையா? நான் சொல்லிப் பார்த்தாயிற்று, காதிலேயே வாங்கவில்லை. நீ சொன்னால் மறுபேச்சு இல்லை. இந்தக் கடிதத்தை ஜோடிக்காரியிடம் கம்பி வழியாகத்தான் கொடுக்கப் போகிறேன், அவள் தபாலில் சேர்ப்பாள். அவருக்குத் தெரிய வேண்டாம், உனக்கே தோன்றிச் சொல்கிற மாதிரி சொல்.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் நிறைவாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையை ரொம்பவும் கேட்டதாகச் சொல். கழுத்துவலி என்றாயே, மணிக்கணக்காகக் குனிந்து உட்காராதே, எழுந்து நட. மாசக் கடைசி, மறந்துவிடாதே. பூட்டியது அவர்தான் மகளே, ஆனால் பூட்டச் சொன்னது நீ.

கம்பிக்கதவுக்கு உள்ளிருந்து,
உன் அம்மா