சிரங்கு வெளியேறிய பின்வாசல்

அனுப்புநர்:
டெல்மா நங்கலா,
பொறுப்பாளர், துணி துவைக்கும் கொட்டகை,
யல்காரி குடியிருப்பு,
மத்திய ஆஸ்திரேலியா.

பெறுநர்:
வட்டாரச் சுகாதார அலுவலர் அவர்கள்.

பொருள்: வாஷிங் மெஷின்களைத் திரும்ப எடுத்துச் செல்லும் உத்தரவை ரத்து செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதலில் நல்ல செய்தி. எங்கள் பிள்ளைகளின் கால்களில் சிரங்கு இல்லை! என் கடைக்குட்டி டார்சி சொறியாமல் விடியும்வரை தூங்குகிறாள். சிரங்கு புண்ணாகி, சிறுநீரகம் கெட்டு, ரத்தச் சுத்திகரிப்புக்காக நகரத்திலேயே தங்கிவிட்டவர்கள் எங்கள் வீடுதோறும் உண்டு. ஆகவே இந்த மகிழ்ச்சியை என்னால் அடக்கி எழுத முடியவில்லை, பொறுத்தருள வேண்டும்.

1. மருந்து பூசினால் மட்டும் போதாது, கம்பளிகளையும் வெந்நீரில் துவைக்க வேண்டும் என்று தாங்கள் இரண்டு மெஷின்கள் தந்தீர்கள். கொட்டகைக்கு ஒரே வாசல். எங்கள் வழக்கப்படி மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கலாகாது. உள்ளே எப்போதும் யாருடைய மாமியாராவது இருப்பார். கம்பளியோடு வந்த ஆண்கள் அப்படியே திரும்பிப் போனார்கள். பார்வையிட வந்த தங்கள் ஊழியர் ‘மக்களுக்கு ஆர்வமில்லை’ என்று எழுதிவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

2. என் மருமகன் (அதே வழக்கப்படி பெயரை நான் எழுதக் கூடாது) என் மகளிடம், “உங்கம்மா உள்ள இருந்தா நான் எப்படிப் போறது? பின்பக்கம் ஒரு வழிய வெட்டிடுறேன், ஆளுக்கொரு வாசல், சண்டையே இல்ல” என்றாராம். பின்சுவரை அறுத்து, பக்கத்துக்கொரு மெஷினாக நடுவே தகரத் தடுப்பு வைத்தார். எனக்கு ரம்பச் சத்தம் மட்டுமே கேட்டது. மறுநாளே கம்பளிகள் குவிந்தன. நாய் படுக்கும் கம்பளிகூட வந்தது!

3. இப்போது, அனுமதியின்றிச் சுவரைச் சேதப்படுத்தியதால் வெள்ளிக்கிழமை லாரி வந்து மெஷின்களை ஏற்றிச் செல்லும் என்று தங்கள் கடிதம் சொல்கிறது. ஐயா, அந்தச் சேதத்தின் வழியாகத்தான் சிரங்கு ஊரை விட்டுப் போனது. அடுத்த வாரம் இங்கே கால்பந்துத் திருவிழா. சுற்றுவட்டாரச் சொந்தங்கள் எல்லாம் கம்பளியோடு வந்து எங்களோடுதான் படுப்பார்கள். மெஷின் இல்லையென்றால் டார்சி மறுபடியும் ரத்தம் வரச் சொறிவாள். அதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆகவே உத்தரவை ரத்து செய்து, இனிக் கட்டும் கொட்டகைகளுக்கும் இரண்டு வாசல் வைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தாங்கள் நேரிலும் வரலாம். மாமியாரை அழைத்து வந்தாலும் இங்கே சிரமமில்லை.

மெஷின் ஓடும்போது இணைப்பைப் பிடுங்கக் கூடாது என்று எங்களுக்குக் கற்றுத்தந்தது தங்கள் அலுவலகம்தான். வெள்ளிக்கிழமை லாரி எந்நேரம் வந்தாலும், இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இடம்: யல்காரி
நாள்: ஜூலை 11

இரு வாசல்காரர்கள் சார்பிலும்,
டெல்மா நங்கலா