மெலிந்த வளையங்கள்

1952 ஜூன், செவ்வாய் இரவு

இன்று ராயபுரம் மரவாடியில், கப்பலில் வந்த பைன் மரமொன்றை நானும் ஆறுமுகமும் அறுத்தோம். வெட்டிய முகத்தில் வளையங்கள் அகலமாக இருந்தன. நடுவில் சில மட்டும் நூல்போல நெருங்கிக் கிடந்தன.

"இன்னாண்ணா, இங்க மட்டும் இப்டி கீது?" என்றான்.

"மழ இல்லாத வருசம்பா. மரம் பருக்கல."

அவற்றுக்கு வெளியே வளையங்கள் மறுபடி அகன்றிருந்ததை விரலால் தடவினான். இங்கும் மழை பொய்த்ததிலிருந்து அவன் வீட்டில் ஒருவேளைக் கஞ்சிதான். ஆறு வயது மகளைப் பார்த்தால் நான்கு வயதுதான் சொல்லலாம்.

"மழ பேஞ்சா எம்பொண்ணும் வளந்துருவாளாண்ணா?"

"வளந்துருவாப்பா."

முகம் தெளிந்து ரம்பத்தைப் பிடித்தான். எத்தனை மழை பெய்தும் அந்த மெல்லிய வளையங்கள் மெல்லியதாகவே நின்றுவிட்டதை நான் அவனிடம் சொல்லவில்லை.