விமானி என் கணவர் அல்லர், நான்

அனுப்புநர்:
நுஸ்ரா ஜைனுதீன்,
துணை விமானி,
மஸ்ஜித் வீதி, தெல்கஹவத்தை,
மாத்தளை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மாத்தளை.

பொருள்: எனது தொழிலை என் கணவரின் பெயரில் எழுதிச் சான்றிதழ் வழங்கியமை, அதனால் என் குடும்பத்தின் வீசா நிறுத்தி வைக்கப்பட்டமை மற்றும் எமது சந்தியில் கட்டப்பட்டுள்ள பதாகை தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் மேசையில் எத்தனையோ பெரிய விடயங்கள் காத்திருக்க, ஒரு வீட்டு விடயத்தைக் கொண்டுவந்து வைப்பதற்கு மன்னிக்கவும். கீழே ஏறி இறங்க வேண்டிய படிகளில் எல்லாம் ஏறி இறங்கிவிட்டுத்தான் தங்களிடம் வருகிறேன்.

1. நான் ஏழு வருடங்களாகக் கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் விமானங்களில் துணை விமானியாகப் பணியாற்றுகிறேன். விமானப் பணிப்பெண்ணாக அல்ல. இதை முதலிலேயே சொல்லி வைப்பதன் காரணம் பின்னர் தெரியவரும். என் கணவர் ஸுஹைல் மாத்தளை நகரில் மிளகு, கராம்பு, ஏலம் மொத்த வியாபாரம் செய்பவர். கண்டிக்குப் பஸ்ஸில் போவதென்றாலே பலகடுவை வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடியிருப்பவர். அவரை விமானி என்று இந்த மாவட்டத்தில் யாரேனும் நம்புவார்கள் என நான் கனவிலும் எண்ணவில்லை.

2. வளைகுடா நாடொன்றின் விமான நிறுவனம் எனக்கு வேலை வழங்கியுள்ளது. குடும்பத்துடன் தங்க வீடும் பிள்ளைகளுக்குப் பாடசாலையும் தருகிறார்கள். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வருவதாகக் கணவரே முன்வந்து சொன்னார். அவரை நான் முந்தானையில் முடிந்து இழுத்துப் போவதாக ஊரில் ஒரு கதை உலவுகிறது. அது தங்கள் காதுக்கும் எட்டியிருக்கக்கூடும் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

3. வீசாவுக்காக எங்கள் இருவருக்கும் வதிவிட, நற்சான்றிதழ் கேட்டு எமது கிராம உத்தியோகத்தர் திரு. முனாஸ் அவர்களிடம் விண்ணப்பித்தோம். அவர் என் தகப்பனாரின் கூட்டாளி. சிறு வயதிலிருந்து என்னை அறிந்தவர். நான் விமானப் பயிற்சிக்குப் போனபோது எனக்கு நற்சான்றிதழ் எழுதித் தந்தவரும் அவரே. அதனால் எவ்விதச் சந்தேகமும் இன்றி, பிரதேச செயலகத்தின் மேலொப்பத்துடன் ஒட்டி முத்திரையிட்டுத் தரப்பட்ட உறையைத் திறவாமலே தூதரகத்தில் கொடுத்தோம்.

4. உறையைத் திறந்தவர்கள் தூதரக அதிகாரிகள். ஸுஹைலின் சான்றிதழில் தொழில்: விமானி. என்னுடையதில் தொழில்: இல்லை, குடும்பப் பெண். நிறுவனம் அனுப்பிய கடிதத்திலோ விமானி நான். எங்கள் இருவரில் உண்மையில் விமானி யார் என எழுத்தில் விளக்கும்படி கேட்டு, கணவரினதும் இரு பிள்ளைகளினதும் வீசாவை நிறுத்தி வைத்தார்கள். எனக்கு மட்டும் நிறுவனத்தின் வழியாக வீசா வந்துவிட்டது. நான் அடுத்த மாத முதலாந் திகதி அங்கு கடமையேற்க வேண்டும். தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

5. தவறுதலாக மாறி எழுதப்பட்டிருக்கும் என்றெண்ணித் திரு. முனாஸ் அவர்களிடம் போனேன். தவறுதல் அல்ல ஐயா, தெரிந்தே எழுதியிருக்கிறார். அதிலும் எனக்கு நன்மை செய்வதாக நினைத்து எழுதியிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "மகள், புருஷன் பொண்டாட்டிக்குப் பின்னால போறாருன்னு பேப்பர்ல ஏறினா நல்லாவா இருக்கும்? ஸுஹைல்ட மரியாதையப் பாத்துத்தான் நான் நல்ல மாதிரி எழுதித் தந்தேன்." பின்னர் தேநீர் தரச் சொன்னார். நான் குடிக்கவில்லை.

6. திருத்தித் தரவும் அவர் மறுத்துவிட்டார். திருத்தினால் முதலில் தந்தது பொய் என்றாகிவிடுமாம். பொய்தானே என்றேன். பெரியவர்களிடம் கதைக்கும் முறை அதுவல்ல என்றார். வேண்டுமானால் கணவர் நேரில் வந்து, தாம் விமானி அல்லர் என எழுதிக் கையொப்பமிடட்டும் என்றார். என் கணவர் கடையை அடைத்துவிட்டு வந்து அதையும் எழுதிக் கொடுத்தார். தாம் செய்யாத தொழிலைத் தாம் செய்யவில்லை என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட மனிதர் இந்த மாவட்டத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அதற்குப் பின்பும் சான்றிதழ் வரவில்லை.

7. பிரதேச செயலகத்துக்குப் போனேன். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்ட உத்தியோகத்தர் ஒருவர், இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு வழி சொன்னார். எனக்கு "ஏர் ஹோஸ்டஸ்" என்று போட்டுத் தருவதாகவும், அப்படியென்றால் யாருக்கும் மனக்கசப்பு வராது என்றும் கூறினார். பணிப்பெண்கள் என்னோடு வேலை செய்பவர்கள். அவர்களது வேலை இலேசானதல்ல. ஆனால் அது என் வேலை அல்ல. நூற்றெழுபது பேரை ஏற்றிய விமானத்தை மழையிலும் காற்றிலும் தரையில் இறக்கிவிட்டு வருகிறவளுக்கு, அந்த மேசையின் முன்னால் தன் தொழில் என்னவென்று வாதாட வேண்டியிருந்தது. எழுத்தில் மனுக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கு வந்த பதில் என் கணவரின் பெயருக்கு வந்தது. "தங்கள் மனைவியார் தொடர்பாகத் தாங்கள் சமர்ப்பித்த மனு பரிசீலனையில் உள்ளது" என்றிருந்தது. மனுவைச் சமர்ப்பித்தவள் நான். கையொப்பமும் என்னுடையது.

8. இனிப் பதாகை. எமது கிராம நலன்புரிச் சங்கம், திரு. முனாஸ் அவர்களின் ஆலோசனையுடன், எம்மை வாழ்த்தி வழியனுப்பச் சந்தியில் மின்கம்பம் இரண்டுக்கு நடுவில் ஒரு பதாகை கட்டியுள்ளது. "வானம் தொட்ட எம் மண்ணின் மைந்தன், விமானி ஸுஹைல்" என்று அதில் உள்ளது. படத்தில் இருப்பது நான், ஐயா. என் முகப்புத்தகத்திலிருந்து எடுத்த என் படம். என் சீருடை, என் தோளில் மூன்று பட்டிகள், திருமணத்தன்று அவர் எனக்குக் கட்டிவிட்ட கைக்கடிகாரம். கழுத்துக்கு மேலே மட்டும் என்னை வெட்டிவிட்டு அவர் முகத்தை ஒட்டியிருக்கிறார்கள். அதையாவது ஒழுங்காகச் செய்தார்களா? அவரது தாடிக்குக் கீழே நான் தலையில் கட்டும் கறுப்பு ஸ்காபின் ஓரம் இன்னும் தெரிகிறது.

அருவருப்பாக இருக்கிறது. உத்தியோகபூர்வ மனுவில் எழுதத்தக்க வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் தலையில்லாத என் உடம்பு மேலே தொங்குகிறது. கணவர் சந்திக்குப் போவதையே விட்டுவிட்டார், வாய்க்கால் ஓரமாகச் சுற்றிக் கடைக்குப் போகிறார். ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலுக்கு வெளியில் நின்று, தாம் விமானி இல்லை, மனைவிதான் என்று நாலு பேரிடம் சொன்னாராம். கொஞ்சமும் பெருமையில்லாத மனிதர் என்று அவர்கள் அவருக்குக் கைகொடுத்து முஸாபஹா செய்தார்களாம்.

9. இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஊரை விட்டுப் போகப் போகிறவளுக்கு ஊர்க் கதை என்ன என்று இருந்திருப்பேன். ஆனால் சென்ற வாரம், இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஆதிபா, தன் உம்மா பிளேன் ஓட்டுகிறார் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள். சந்தி வழியாக நாளாந்தம் வரும் ஆசிரியை, பொய் சொல்லக் கூடாது, வாப்பாதான் ஓட்டுகிறார் என்று அவளை எழுப்பி நிற்க வைத்து, வகுப்பாரிடம் மன்னிப்புக் கேட்கச் செய்திருக்கிறார். ஆசிரியையைக் குறைகூற மாட்டேன். அவர் பார்த்ததைத்தான் நம்பினார். வீட்டுக்கு வந்த பிள்ளை சாப்பிடாமல் என் சீருடை தொங்கும் அலுமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு கேட்டது: "உம்மா, அப்ப நீங்கதான் எனக்குப் பொய் சொன்னீங்களா?"

இதற்கு நான் சொன்ன பதிலை அவள் நம்பினாளா என்று எனக்கு இன்னும் தெரியாது.

10. ஆகவே ஐயா, என் கணவருக்கு வியாபாரி என்றும் எனக்கு விமானி என்றும், உள்ளதை உள்ளபடி எழுதிய சான்றிதழ்களை இம்மாத முடிவுக்குள் பெற்றுத் தருமாறும், முன்னையவை பிழையானவை எனத் தூதரகத்துக்கு ஒரு கடிதம் அனுப்ப ஆவன செய்யுமாறும் மிகத் தாழ்மையுடன் கேட்கிறேன். பதாகையை அகற்ற உத்தரவிடுங்கள். கிழிக்க வேண்டாம், முழுதாகக் கழற்றி என்னிடம் தரச் சொல்லுங்கள். அதில் உள்ள உடம்பு என்னுடையது. திரு. முனாஸ் அவர்களைத் தண்டிக்குமாறு நான் கேட்கவில்லை. யாருடைய மரியாதையையும் காப்பாற்றுவது தமது கடமைப் பட்டியலில் இல்லை என்று அவருக்கு யாராவது எழுத்தில் தெரிவித்தால் போதும்.

சான்றிதழ் வந்தாலும் வராவிட்டாலும் முதலாந் திகதிக்கு முன் நான் புறப்பட்டாக வேண்டும். என் மகள் என்னோடு விமானத்தில் ஏறுவதா, அல்லது கட்டுநாயக்கவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. அவளுக்குத் தம்பியும் இருக்கிறான். பெயர் நப்லான். அவனுக்கு இன்னும் ஒன்றும் விளங்காது.

தங்கள் பதிலை அருள்கூர்ந்து என் பெயருக்கு அனுப்பவும்.

இடம்: தெல்கஹவத்தை
திகதி: 11.11.2025

இங்ஙனம்,
தங்கள் நேர்மையை நம்பியிருக்கும்,
(ஒப்பம்) நுஸ்ரா ஜைனுதீன்
துணை விமானி

குறிப்பு: இம்மனுவில் என் கணவரின் கையொப்பம் இல்லை. அது தவறுதலாக விடுபட்டதல்ல.